மெர்காதால் வீட்டு விலாங்கு

இந்தக் காலத்து மனிதர்களைப் படைக்கும்போது வெட்கம் என்ற ஒன்றையும் சேர்த்துத்தான் ஆண்டவர் அனுப்புகிறாரா என்று பியெல் கொமிலாவுக்குச் சந்தேகமாக இருந்தது. போன மாதம்வரை பிரெஞ்சுத் தளபதியின் குதிரை தும்மினால்கூடத் தொப்பியைக் கழற்றி நின்ற ஆட்கள், இப்போது "அந்த ஏழு வருஷம் மூச்சு விட முடிஞ்சுதா நம்மளால" என்று மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்கிற கையில் பிரெஞ்சுக்காரன் கொடுத்த மோதிரம் இருக்கிறது. அதையாவது கழற்றிவிட்டு அடித்துக்கொள்ளலாம் என்று பியெல் நினைத்தார். சொல்லியும் பார்த்தார். கேட்டவன் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி வேறு சொன்னான்.

ஆங்கிலேயர் திரும்பி வருகிறார்கள் என்ற செய்தி மாவோன் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து அவருக்கு ஓய்வில்லை. விடிந்தால் வாசலில் யாராவது ஒருவர். "மேஸ்திரி, நம்ம வீட்டுத் தொட்டிய கொஞ்சம் பாக்கணும்." பார்ப்பது என்றால் சுத்தம் செய்வதற்கு அல்ல. அது கூப்பிடுகிறவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஸ்பெயினுக்குக் கிழக்கே கடலில் கிடக்கும் இந்த மெனோர்கா தீவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழைதான் வருடம் முழுக்கக் குடிநீர். ஒவ்வொரு வீட்டு முற்றத்துக்கும் அடியில் பாறையைக் குடைந்து ஒரு தொட்டி. வாய் ஒரு ஆள் நுழையும் அளவு. உள்ளே இறங்கினால் கோயில் மணியைக் கவிழ்த்ததுபோல் அகன்று போகும். நாற்பது வருடமாக பியெல் அந்தத் தொட்டிகளைக் குடைந்தும், சுண்ணாம்பு பூசியும், சேறு வாரியும் பிழைத்தவர். ஊரில் எந்த வீட்டு அடிவயிற்றில் என்ன கிடக்கிறது என்பது பாதிரியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாதிரியாரிடமாவது பொய் சொல்வார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு வசந்தத்தில் பிரெஞ்சுப் படை வந்து இறங்கியதும் ஊர் முழுக்க ஒரே பீதி. ஐம்பது வருடத்து ஆங்கில ஆட்சியில் வீட்டுக்கு வீடு சேர்ந்திருந்த சிங்கம் போட்ட குவளை, ராஜா தலை போட்ட தட்டு, கிரீடம் வரைந்த பலகை எல்லாவற்றையும் எங்கே ஒளிப்பது? புதைக்கலாம் என்றால் இந்த ஊரில் ஒரு முழத்துக்குமேல் மண் இல்லை. மண்வெட்டி போட்டால் பாறை கணீர் என்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே யோசனை. போட்டார்கள் தொட்டியில். அந்தத் தண்ணீரையே ஏழு வருடம் குடித்தார்கள்.

இப்போது அவற்றை மேலே எடுக்க வேண்டும். எடுத்த கையோடு, லில்லிப் பூ போட்ட பிரெஞ்சுச் சாமான்களைக் கீழே இறக்க வேண்டும். போக ஒரு சுமை, வர ஒரு சுமை. பியெலுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் இறங்கினார். வேலை வேலைதானே.

மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவர் மருமகன் மாலோ. அவனைத் தவிர வேறு யாரையும் அவர் கயிற்றைத் தொட விடுவதில்லை. முன்பு ஒருவன் இருந்தான். அவரைப் பாறைக்குள் இறக்கிவிட்டு, ஊர்வலம் போகிறது என்று வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு மனிதக் கை என்றாலே அவருக்கு நம்பிக்கையில்லை. மாலோ பிரெஞ்சுப் படையோடு வந்தவன். கோட்டை முற்றுகையில் இடது பாதம் நசுங்கி, படையிலிருந்து கழித்துவிடப்பட்டு, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய சான் லுயீஸ் கிராமத்தில் கொத்து வேலை செய்தான். முதல் நாள் அவனைச் சோதிப்பதற்கென்றே பியெல் கீழே இறங்கி அரை நாள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். மேலே வந்தபோது அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்று. "செத்துட்டீங்களோன்னு நெனச்சேன். இருந்தாலும் விடக் கூடாதுல்ல" என்றான். அந்த வருடமே மகள் ஆகெதாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். பேத்தி பாவ்லாவுக்கு இரண்டு வயது.

அவனுக்கு அவர் கற்றுக்கொடுத்தது தொழில் மட்டுமல்ல. சாப்பிட உட்கார்ந்தால் ஒரே கதைதான். "பிரெஞ்சுக்காரன் வந்தப்போ ஊரையே கூட்டி சத்தியம் வாங்கினான். நான் எங்க இருந்தேன் தெரியுமா? தொட்டிக்குள்ள. பகல் பூரா. எந்த ராஜாவுக்கும் இந்த வாயால சத்தியம் பண்ணினதில்ல. ஒருத்தனுக்குப் பண்ணிட்டு இன்னொருத்தனுக்கும் பண்றவன், துப்பினத குனிஞ்சு நக்குறவன்." மாலோ தலையாட்டிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் போடுவான். ஆகெதா மட்டும், "நூறாவது தடவப்பா" என்பாள்.

சவரக்கடை லொரென்ஸ் வீட்டுத் தொட்டியில் இறங்கியது ஒரு புதன்கிழமை. தேடியது ஆங்கில ராஜாவின் தலை பொறித்த பித்தளைச் சவரக் கிண்ணம்.

"மேஸ்திரி, பாத்து, பாத்து! ராஜா மூக்குல அடிபடாம தூக்குங்க!" லொரென்ஸ் மேலிருந்து கத்தினார்.

"உன் ராஜா மூக்குல நத்தை குடியிருக்குடா!" பியெலின் குரல் பாறைக்குள்ளிருந்து உருண்டு வந்தது.

பியெல் மேலே வந்ததும் லொரென்ஸ் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபடி ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். மாவோனில் படிக்கத் தெரிந்த சவரக்காரர் அவர் ஒருவர்தான். அதனால் கத்தியைவிட நாக்கு கூர்மை. ஜெனோவாக் கப்பல் மாலுமி ஒருவன் கொடுத்த தாளை எடுத்துவந்து விரித்தார்.

"எல்லாத்தையும் பாரீஸ்ல உக்காந்து பிரிச்சு முடிச்சுட்டாங்க மேஸ்திரி. கனடான்னு ஒரு தேசம், பூராவும் பனி. அத இங்கிலீஷ்காரன் வச்சுக்கிட்டான். சர்க்கரை வெளையிற தீவு ரெண்டு, அது பிரெஞ்சுக்காரனுக்கே திரும்பப் போயிடுச்சு. ஹவானாவ ஸ்பெயின்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, அவன்கிட்டருந்து ஃப்ளோரிடாவ வாங்கிக்கிட்டான். இந்தியாவுல புதுச்சேரின்னு ஒரு பட்டணமாம். கோட்டை, வீடு, ஒண்ணு விடாம இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டு, இப்ப 'இந்தா, வச்சுக்கோ'ன்னு திருப்பிக் குடுத்திருக்கான்."

"யாருக்கு?"

"பிரெஞ்சுக்காரனுக்குத்தான்."

"அந்த வீட்டுல இருந்தவனுக்கு?"

லொரென்ஸ் சிரித்தார். "அவன யாரு கேட்டா?"

பியெல் காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து எறிந்தார். "சரி, நம்மள எதுக்கு வித்தாங்க?"

"விக்கல. மாத்திக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக் கரையோரம் ஒரு தீவப் பிடிச்சானாம். அதக் குடுத்துட்டு நம்மள வாங்கிக்கிறான். தீவுக்குத் தீவு. பேரு..." தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "பெல்-ஈல்."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மாலோவின் கை நின்றது.

"என் ஊரு" என்றான்.

லொரென்ஸ் தாளை மடித்தார். பிறகு அவர்தான், "அப்படிப் போடு! மாமன் ஊரக் குடுத்து மாப்ள ஊர மீட்டிருக்கான் பிரெஞ்சுக்காரன்" என்று சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு யாரிடமும் ஒட்டவில்லை. சந்தைக்கு ஓட்டி வந்த இரண்டு ஆடுகளை மாற்றிக்கொள்வதுபோல் மாற்றியிருக்கிறார்கள் என்று பியெல் நினைத்தார். ஆட்டையாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

மாலோ கயிற்றை வண்டியில் வைக்கப் போனதும் லொரென்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரி, இன்னொண்ணு. இங்க குடியேறின பிரெஞ்சுக்காரங்க எல்லாரும் படையோட கப்பலேறணுமாம். இருக்கணும்னா ரெண்டு குடும்பஸ்தங்க ஜாமீன் சொல்லணும். அதுக்கப்புறம் அவன் இங்கிலீஷ் ராஜாவுக்குச் சத்தியம் பண்ணணும். ஒரு ஜாமீன் நான் சொல்றேன். இன்னொருத்தர் இங்கிலீஷ்காரன் நம்புற ஆளா இருக்கணும்."

"யாரு?"

"யாரு, நிக்கொலாவ் மெர்காதால்தான்."

பியெல் துப்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாலோ பேசவில்லை. பியெலும் கேட்கவில்லை. 'நீ இங்கதானே இருப்ப?' என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று விழுங்கினார். யார் சத்தியம் செய்ய மாட்டேன் என்பான், பெண்டாட்டி, பிள்ளை இருக்கிற இடத்தில்? அனுமதித் தாள் கையில் வந்துவிட்டால் தானாகப் படியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மாலோவைச் சான் லுயீஸுக்குச் சுண்ணாம்பு வாங்க அனுப்பிவிட்டு, தனியாக மெர்காதால் வீட்டுக்குப் போனார்.

நிக்கொலாவ் மெர்காதால் திராட்சைமது வியாபாரி. ஆங்கிலச் சிப்பாய்கள் குடித்த குடியில் கட்டின வீடு, பிரெஞ்சுச் சிப்பாய்கள் குடித்த குடியில் எழுப்பின மாடி. அவருக்கு வேண்டியது, முன்பு கடை வாசலில் தொங்கிய ஈயச் சிங்கம். ஒரு முழ அகலத் தகட்டில் கிரீடம் வைத்த சிங்கம்.

"வாங்க மேஸ்திரி, வாங்க! உங்களத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். மாப்ள வரலியா?"

"வரல. கயிறு பிடிக்க ஆள் குடு."

மெர்காதால் தன் வேலைக்காரனைக் கூப்பிட்டார். தொந்தி பெருத்த அந்த ஆள் கயிற்றை வாங்கியபோது, பியெலுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. நான்கு வருடமாக மாலோவின் கையைத் தவிர வேறு கையில் அந்தக் கயிறு இருந்ததில்லை. இருந்தாலும் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தொட்டி நாறியது. ஆடிக்கொண்டிருந்த விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் முழுக்க நெளிந்தது. கொசுப் புழு. ஆயிரக்கணக்கில். எந்த நல்ல வீட்டுத் தொட்டியிலும் ஒரு விலாங்கு இருக்கும். புழு பூச்சி எல்லாவற்றையும் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும். அப்பன் விட்ட விலாங்கு மகன் காலத்திலும் இருக்கும். அதைக் கொல்வதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். இந்தத் தொட்டியிலும் ஒன்று இருந்தது, மெர்காதாலின் அப்பா காலத்தது, முழங்கை கனம். ஏழு வருடத்துக்கு முன் பிரெஞ்சுப் படையதிகாரிக்கு இந்த வீட்டில் விருந்து. அந்த அதிகாரி கேட்கக்கூட இல்லை. "அவங்க ஊர்ல விலாங்குன்னா உயிராம் மேஸ்திரி, பிடிச்சுக் குடுங்க" என்று மெர்காதால்தான் கெஞ்சினார். "உங்கப்பன் தண்ணியக் காத்த ஜீவன்யா அது" என்று பியெல் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பிடித்தும் கொடுத்தார். வாதுமை அரைத்துவிட்ட குழம்பில் அது மேசைக்குப் போனது. அன்றிலிருந்து இந்த வீட்டில் பெண்கள் தலைமுக்காட்டுத் துணியில் வடிகட்டித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

முட்டி அளவு சேற்றில் கையை விட்டுத் துழாவினார். அழுகிய இலை, எலியின் எலும்பு, கொழகொழவென்று ஏதோ ஒன்று. கடைசியில் ஈயத்தின் குளிர்ச்சி. சிங்கத்தின் வாய்க்குள் சேறு அடைத்திருந்தது.

"கிடைச்சுதா?" மேலே வட்ட வெளிச்சத்தில் மெர்காதாலின் தலை.

"கிடைச்சுது."

"கட்டி விடுங்க. அப்படியே ஒரு கூடை வருது, வாங்கி வைங்க. பீங்கான் தட்டு, லில்லிப் பூ போட்டது. பாத்து, உடைக்காம. எதுக்கும் இருக்கட்டும்."

பியெல் சிங்கத்தைக் கட்டவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"நிக்கொலாவ், என் மருமவனுக்கு நீ ஜாமீன் சொல்லணும்."

"மேல வாங்க மேஸ்திரி, உக்காந்து பேசுவோம்."

"மேல வந்தா நீ வேற ஆளா ஆயிடுவ. இங்கயே சொல்லு."

மெர்காதால் சிரித்தார். சிரிப்பு தொட்டிச் சுவரில் மோதிச் சுற்றியது. "சிங்கம் உங்க கைல, கயிறு என் ஆள் கைல. சரியான பேரந்தான். சரி, ஜாமீன் சொல்றேன். அதுக்கு நீங்க எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"புது அதிகாரி வந்து எறங்கியாச்சு. இந்த ஏழு வருஷம் யார் யார் விசுவாசமா இருந்தாங்கன்னு விசாரிக்கிறார். யாரோ என் வீட்டு விருந்தப் பத்தி வத்தி வச்சுட்டான். நான் எழுதிக் குடுத்திருக்கேன், என் வாசக் கதவ ஒடைச்சு, தொட்டில எறங்கி, எங்கப்பா வளத்த விலாங்க வலுக்கட்டாயமாப் பிடிச்சுத் தின்னாங்கன்னு. அதுக்கு ஒரு சாட்சி வேணும்."

பியெல் முதலில் சிரித்தார். பிறகு, மேலே தெரிந்த தலை சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"அட மானங்கெட்டவனே, நீதானேய்யா என்ன எறக்கிப் பிடிக்கச் சொன்ன?"

"அதனாலதான் உங்க வாயிலேருந்து வரணும். ஊருக்கே தெரியும், பியெல் மேஸ்திரி ராஜாவுக்கே தலை வணங்காதவரு, பொய் சொல்ல மாட்டாருன்னு. வேற யார் சொன்னாலும் நம்புவானா?"

காலைச் சுற்றிப் புழுக்கள் நெளிந்தன. நாற்பது வருடம் ஒழுங்காக வாழ்ந்தது, கடைசியில் இவனுக்கு விற்பதற்குச் சரக்காகத்தான் போலிருக்கிறது என்று பியெலுக்குத் தோன்றியது. பாவ்லாவை நினைத்தார். வீட்டுத் தொட்டி வாயில் குப்புறப் படுத்து, "விலாங்குத் தாத்தா!" என்று உள்ளே கூப்பிட்டுத் தன் குரலையே திரும்பக் கேட்டுச் சிரிக்கும் குழந்தை.

சிங்கத்தைக் கயிற்றில் கட்டினார்.

விசாரணை நகரசபை மாடியில். அதிகாரி ஒல்லியான மனிதர். வெயிலுக்கு அவருடைய பொய்முடியின் மாவு வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மேசையில் சிலுவை. படிக்கட்டு முழுக்கச் சாட்சி சொல்ல வந்தவர்கள். எல்லோரும் நல்ல உடுப்பில், எல்லோரும் ஏழு வருடம் துன்பப்பட்டவர்கள். பியெல் சிலுவையில் கை வைத்தார். அறுபத்து நான்கு வயதில் முதல் சத்தியம். ராஜாவுக்குக்கூட இல்லை, ஒரு மீனுக்கு.

"வலுக்கட்டாயமாகத்தான் பிடித்தார்களா?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"ஆமா."

"எத்தனை சிப்பாய்கள்?"

இது பேசி வைத்ததில் இல்லை. பியெல் மெர்காதாலைப் பார்த்தார். மெர்காதால் கூரையைப் பார்த்தார்.

"நாலு பேரு" என்றார் பியெல். நாக்கு தானாகவே ஓடியது. "ஒருத்தன் கைல துப்பாக்கி."

அதிகாரி ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கையெழுத்துக்குப் பதிலாகப் பியெல் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மை விரலில் ஒட்டியது. மாலோவின் பேருக்கு முத்திரை குத்திய அனுமதித் தாளை வாங்கிக்கொண்டு இறங்கும்போது, படிக்கட்டில் நின்ற ஒவ்வொருவனும் அவரைப் பார்த்துத் தங்களில் ஒருவனைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தான். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. தெருமுனையில் மாடு குடிக்கும் தொட்டியில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மை போகவில்லை.

வீட்டில் ஆகெதா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மாலோ, பாவ்லாவின் சின்னத் தோல்செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். பியெல் தாளை மேசையில் வைத்தார்.

"இந்தா. நீ போக வேணாம். எல்லாம் முடிச்சாச்சு. திங்கக்கிழம நகரசபைல போய் ஒரு சத்தியம் பண்ணிட்டு வந்துடு. ரெண்டு நிமிஷ வேல."

மாலோ தாளைத் தொடவில்லை.

"யாருக்கு மாமா?"

"யாருக்கோ! அந்த இங்கிலீஷ் ராஜா ஜார்ஜுக்கு. வாயால சொல்றதுதானே."

"நீங்கதான மாமா சொன்னீங்க..."

"நான் ஆயிரம் சொல்வேன்! நான் கெழவன்!"

மாலோ ஊசியை மெதுவாகத் தோலில் குத்தி வைத்தான். "எங்க தீவுல இங்கிலீஷ்காரங்க எறங்கினப்போ எங்க அம்மா வீட்டுக் கூரைய எரிச்சாங்க. என் தம்பி கோட்டைல இருந்தான், வெளிய வரல. அம்மா உயிரோட இருக்காங்கன்னு நேத்துதான் ஒரு மாலுமி சொன்னான். ஆட்டுக் கொட்டாய்ல படுத்திருக்காங்களாம். நான் இங்க நின்னு அந்த ராஜா பேர வாயில எடுக்கணுமா? நாலு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன் மாமா. துப்பினத நக்குறவன்னு நீங்க சொல்லிச் சொல்லி, எனக்கு அந்த வார்த்த தொண்டைல நிக்குது."

பியெல் மேசையோரத்தில் உட்கார்ந்தார். அந்த வார்த்தைகளை அவர் சொல்லும்போதெல்லாம் இவன் ரொட்டியைத்தான் பிய்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், பாவி.

"ஆகெதா, நீ சொல்லேம்மா."

ஆகெதா சட்டியை இறக்கி வைத்தாள். கண் வெங்காயத்தால் கலங்கியிருந்ததா, வேறு எதனாலா என்று தெரியவில்லை. "நான் என்னப்பா சொல்ல? அவரு போனா நானும் போவேன். நீங்களும் வாங்க. அங்கயும் பாறைதானாம். தொட்டி வேணாமா அவங்களுக்கு?"

"அங்க கிணறு இருக்கு" என்றான் மாலோ. பொய் சொல்லத் தெரியாத பயல்.

அதற்குள் ஆகெதாவின் கண் தாளின் மேல் போனது. "இத எப்படிப்பா வாங்கினீங்க? யாரு ஜாமீன் சொன்னது?"

பியெல் மைபட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஆகெதா அதைப் பார்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருக்கலாம். அவள் மறுபடி வெங்காயத்தைக் கிளறப் போனதுதான் மோசம்.

கப்பல் புறப்பட்டது ஜூலை மாத வெயிலில், ஒரே நாளில், ஒரே துறையில். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்; அந்தப் பக்கம் ஆங்கிலேயர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் கூடை தூக்கியவர்கள் அதே ஊர்க்காரர்கள். ஏறுகிறவனிடம் கண்ணைக் கசக்கிவிட்டு, நாலு எட்டு நடந்து, இறங்குகிறவனிடம் பல்லைக் காட்டினார்கள். நடுவில் முகத்தை மாற்ற அந்த நாலு எட்டு போதுமாக இருந்தது.

மாலோ கயிற்றைப் புதிதாக முடிச்சுப் போட்டுச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். அதைப் பியெலின் தோளில் மாட்டினான். "நடுவுல ஒரு புரி தேஞ்சிருந்துச்சு, வெட்டிச் சேத்திருக்கேன். இனிமே லொரென்ஸ பிடிக்கச் சொல்லுங்க மாமா. நடுங்காத கை அது."

"சவரக்காரன் கைய நம்பி நான் பாறைக்குள்ள எறங்கறதா? பேச்சு வந்தா கயிற விட்டுட்டுக் கையாட்டுவான்."

மாலோ சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவரைக் கட்டிக்கொண்டான். பியெல் கையைத் தொங்கவிட்டபடி நின்றார். தூக்கினால் விட முடியாது என்று தெரியும். ஆகெதா குனிந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். "நம்ம தொட்டி விலாங்க யாருக்கும் பிடிச்சுக் குடுத்துடாதீங்கப்பா" என்றாள். விலாங்குச் சாட்சிக் கதை அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது; சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிவிட்டாள். பாவ்லா அவள் தோளுக்கு மேலாகக் கையை ஆட்டியது. தாத்தாவுக்கா, கரையில் நின்ற ஒரு நாய்க்கா என்று பியெலுக்கு நிச்சயமில்லை.

பாய் விரிந்தது. துறைமுகம் நீளமானது, கப்பல் கண்ணிலிருந்து மறைய வெகுநேரம் பிடித்தது. அதுவரை நின்றார்.

திரும்பியபோது புதிய கொடி ஏறிக்கொண்டிருந்தது. மேடையில் மெர்காதால். ஏழு வருடம் கண்ணீரும் கம்பலையுமாகக் காத்திருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் விலாங்கும் வந்தது. கூட்டம் "ஐயோ பாவம்" என்றது. அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். மேடைக்குப் பின்னால் ஈயச் சிங்கம் தொங்கியது. யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். வாய்க்குள் மட்டும் சேறு அப்படியே இருந்தது.

லொரென்ஸ் ஓடிவந்து பக்கத்தில் நின்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"மனசத் தேத்திக்குங்க மேஸ்திரி. இனிமே சண்டையே கிடையாது. வேணும்னா வருஷா வருஷம் போய்ப் பாத்துட்டு வரலாம். இங்க பாருங்க, மொத வரிலயே எழுதியிருக்கு: கிறிஸ்தவ சமாதானம், எல்லாருக்கும் பொதுவானது, நிரந்தரமானது. நி-ரந்-த-ரம்."

"யாரு எழுதினது?"

"ராஜாக்கள்தான். மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"கையெழுத்தா?" பியெல் தன் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. "அவனவன் வீட்டுத் தொட்டியில என்ன கெடக்குன்னு எறங்கிப் பாத்தியா நீ?"

"அது எப்படி மேஸ்திரி..."

"அப்ப எங்கிட்ட படிச்சுக் காட்டாத."

மேடையிலிருந்து மெர்காதால் அவரைப் பார்த்துவிட்டார். "அதோ, அதோ நம்ம மேஸ்திரி! வாங்க, வாங்க, கவர்னர் உங்களப் பாக்கணும்ங்கிறார்! நாலு சிப்பாயக் கண்ணால கண்ட சாட்சி!" கூட்டம் வழிவிட்டது. யாரோ கை தட்டினார்கள்.

பியெல் கயிற்றை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். மேட்டுத் தெருப் பக்கம் திரும்பி நடந்தார். பின்னால் புதிய கொடிக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தது. ஏழு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக் கொடிக்கு வெடித்ததும் இதே பீரங்கிதான். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது வெடிக்கும் அவர் திரும்பவில்லை. வழிநெடுக ஜன்னல்களில் கிரீடமும் சிங்கமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாம் இன்னும் ஈரமாக.